கப்பலிலே தானியத்தை மட்டப்படுத்தல்

கோதுமை, பார்லி முதலிய தானியங்களைச் சாக்கில் இடாது கப்பலின் அறைகளிலே கொட்டி ஏற்றுவது உலக வணிகத்தில் வழக்கமாகும். அவ்வாறு கொட்டிய தானியம் நடுவே கூம்பி நிற்கும். ஓரங்களும் மூலைகளும் வெறுமையாய்க் கிடக்கும். அக்குவியலைப் பரப்பி மட்டப்படுத்துவதையே கப்பற்றொழிலார் 'டிரிமிங்' என்பர். கொத்திலே நெல்லைத் தலைதட்டி அளப்பதை நேயர்கள் அறிவர். அங்கே மிகுதி நெல் வெளியே விழும். இங்கே மிகுதித் தானியம் மூலைகளை நிரப்பும்.

இவ்வேலைக்குக் கூலி கொடுப்பவர் யாவர்? கப்பலை வாடகைக்கு அமர்த்தும் ஒப்பந்தத்தில் வரும் சில எழுத்துக்களே இதற்கு விடை கூறும். 'எஃப்.ஐ.ஓ.' என்று இருப்பின், ஏற்றுகூலியும் இறக்குகூலியும் கப்பற் சொந்தக்காரரைச் சாரா. அதனோடு 'எஸ்' சேரின் அடுக்குங் கூலியும், 'டி' சேரின் மட்டப்படுத்துங் கூலியும் அவரை விட்டு நீங்கும். முதலெழுத்துக் குறிப்பது 'ஃபிரீ' என்னும் சொல்லை. அதற்கு 'இலவசம்' எனப் பொருள்கொள்ளும் வணிகர் ஏமாறுவர். செலவினின்று விடுபடுபவர் கப்பற் சொந்தக்காரரே. ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லையாயின், கப்பலை அமர்த்தியவரே அச்செலவைத் தாங்கவேண்டும்.

செலவை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாற்றலாம். ஆபத்தை அவ்வாறு மாற்ற இயலாது. 1957 ஆம் ஆண்டில் 'பாமிர்' என்னும் ஜேர்மானியப் பாய்க்கப்பல், ஆர்ஜென்டீனாவிலிருந்து ஏறக்குறைய 3,780 தொன் பார்லியுடன் ஹாம்பேர்க் நோக்கிச் சென்றது. அதிற் பெரும்பகுதி சாக்கின்றிக் கொட்டப்பட்டதாகும். செப்டெம்பர் 21 ஆம் நாள் அத்திலாந்திக் சமுத்திரத்திலே சூறாவளி அதனைத் தாக்கியது. கப்பல் சாயவே, தானியமும் அப்பக்கமே சரிந்தது. மீண்டும் நிமிர மாட்டாத கப்பல் மூழ்கிற்று. அதிலிருந்த 86 பேருள் அறுவரே உயிர் தப்பினர். மாண்டோருட் பலர் கடற்றொழில் பயில வந்த இளைஞர். லூபெக் நகரில் நடந்த விசாரணை, தானியம் சரிந்தமையை விபத்தின் முக்கிய காரணங்களுள் ஒன்றாகக் கண்டது.

தானியம் பயண அதிர்வினால் மேலும் படியும் இயல்புடையது. அதனால் நிரம்பிய அறையிலும் மேலே வெற்றிடம் தோன்றும். கப்பல் உருளும்போது தானியம் அவ்விடத்தை நோக்கி ஓடும். ஆதலின், 1994 முதல் நடைமுறையிலுள்ள சர்வதேசத் தானிய விதிகள், கொட்டிய தானியத்தின் மேற்பரப்பை இயன்றவரை மட்டப்படுத்துமாறு கட்டளையிடுகின்றன. கப்பலின் நிலையுறுதி போதுமானதென ஏற்றுமுன்னரே கப்பற்றலைவர் காட்டுதலும் வேண்டும்.

எனவே, ஒப்பந்தத்தின் இறுதியில் நிற்கும் 'டி' என்னும் அவ்வெழுத்தைக் கூலிக் கணக்காக மட்டும் கருதுதல் தகாது. அங்கே குறைக்கப்படும் சில மணிநேர வேலை, நடுக்கடலிலே மாலுமிகளின் உயிருக்கு உலையாய் முடியக்கூடும்.