மோனாவின் இருபது நிமிஷக் கணக்கு

உங்க நண்பர்கள்ல யாராவது சீரியஸா ஓடுறவங்களா இருந்தா, 'மோனா ஃபார்ட்லெக்'னு ஒரு பயிற்சியைப் பற்றிச் சொல்லியிருப்பாங்க. அந்த மோனா, ஸ்டீவ் மோனகெட்டி. ஆஸ்திரேலியாவின் பல்லாரட் ஊர்க்காரர், 1962-ல் பிறந்தவர். படித்தது எஞ்சினியரிங். பெயர் வாங்கியது மாரத்தானில்.

முதல்ல அந்தப் பயிற்சியைப் பார்ப்போம். 90 செகண்ட் வேக ஓட்டம் இரண்டு முறை. அப்புறம் 60, 30, 15 செகண்ட், ஒவ்வொன்றும் நான்கு முறை. கூட்டிப் பாருங்க, சரியா 10 நிமிஷம். ஒவ்வொரு வேக ஓட்டத்துக்குப் பிறகும் அதே அளவு நேரம் மிதமான ஓட்டம். ஆக மொத்தம் 20 நிமிஷம். கோச் கிறிஸ் வார்ட்லாவும் மோனகெட்டியும் சேர்ந்து போட்ட கணக்கு இது.

கஷ்டமே அந்த மிதமான ஓட்டத்தில்தான் இருக்கு. அதில் நிற்கக் கூடாது, நடக்கவும் கூடாது. ஓடிக்கிட்டேதான் மூச்சைத் திரும்பப் பிடிக்கணும். களைப்பு ஏற ஏற, அந்த இடைவெளியும் 90 செகண்டிலிருந்து 15-க்குச் சுருங்கிடும். ஏன் இப்படி? போட்டியில் ஒருத்தர் திடீர்னு வேகமெடுத்தா நாமும் துரத்தணும். துரத்தி முடிச்சதும் யாரும் நமக்கு ஓய்வு தர மாட்டாங்க.

அவரோட வாழ்க்கையும் எனக்கு அப்படித்தான் தெரியுது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஐந்தாவது இடம். 1990 செப்டம்பர் 30, இரண்டு ஜெர்மனிகளும் ஒன்று சேர மூன்றே நாள் பாக்கி. அன்னைக்கு பெர்லின் மாரத்தான் பிராண்டன்பர்க் வாயிலுக்குள் புகுந்து போச்சு. மோனகெட்டி 2 மணி 8 நிமிஷம் 16 செகண்டில் ஜெயித்தார். அடுத்து 1992 பார்சிலோனா ஒலிம்பிக். 48-வது இடம்.

அதோட முடிஞ்சதுன்னு யார் வேணும்னாலும் சொல்லியிருப்பாங்க. ஆனால் 1994-ல் டோக்கியோ மாரத்தானை ஜெயித்தார். அதே வருஷம் காமன்வெல்த் தங்கம். 1997-ல் உலக சாம்பியன்ஷிப் வெண்கலம். 1986 முதல் 1998 வரை நான்கு காமன்வெல்த் போட்டிகள், நான்கிலும் மெடல்.

ஒலிம்பிக் மெடல் மட்டும் கடைசி வரை கிடைக்கலை. அட்லாண்டாவில் ஏழாவது. 2000-ல் சொந்த நாட்டில், சிட்னியில், 38 வயதில் பத்தாவது. ஒலிம்பிக்கை மட்டும் வைத்து மார்க் போட்டா அவர் ஃபெயில்தான். 48-வதா வந்த பிறகும் எட்டு வருஷம் உலகத்தோட முன்வரிசையில் ஓடினார் பாருங்க, எனக்கு மெடலைவிட அதுதான் பெருசு.

இந்த வாரம் அந்த 20 நிமிஷத்தை முயற்சி பண்ணிப் பாருங்க. புதுசா ஓடுறவங்க வேகத்தைக் குறைச்சுக்கலாம், தப்பில்லை. இடையில் நிற்காம இருந்தால் போதும்.