களஞ்சியத்துக் காற்றை அளந்தறிதல்

(நெற்களஞ்சியப் பொறுப்பாளரும் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



நெல்லை நிறுக்காமல் நாம் எவரிடமிருந்தும் வாங்குவதில்லை. அதன் ஈரத்தைச் சோதிக்காமல் களஞ்சியத்துள் அடுக்குவதுமில்லை. ஆயின், அந்நெல்லுக்குப் புகையூட்டிய பின்னர், அதனிடையே நின்று வேலைசெய்வோர் சுவாசிக்கும் காற்றை அளந்து பார்ப்போர் மிகச் சிலரே. நெல்லுக்குக் காட்டும் கவனத்தை மனிதருக்கும் காட்டவேண்டும் என்பதே இன்று நான் கூறவந்த பொருளாகும்.

நெல் அந்தும் மூக்கன் வண்டும் துளைவண்டும் களஞ்சியத்திற் செய்யும் அழிவை நீங்கள் நன்கறிவீர்கள். இவற்றை ஒழிப்பதற்கு முன்னர் மெதயில்புரோமைட்டுப் பெரிதும் வழங்கிவந்தது. அது வானிலுள்ள ஓசோன் படையைக் கெடுப்பதனால், மொன்றியல் உடன்படிக்கையின்படி 2015 ஆம் ஆண்டுடன் வளர்முக நாடுகளிலும் சாதாரண உபயோகத்திலிருந்து நீக்கப்பட்டது. இன்று பெருங்களஞ்சியங்களிற் பெரும்பாலும் பயன்படுவது பொசுபீன் என்னும் வாயுவே.

பொசுபீனின் இயல்பு

அலுமினியம்பொசுபைட்டுக் குளிசைகள் காற்றிலுள்ள ஈரத்தோடு சேரும்போது இவ்வாயு மெல்ல மெல்ல வெளிப்படுகின்றது. 3 கிராம் நிறையுள்ள ஒரு குளிசை 1 கிராம் பொசுபீனைத் தரும். எஞ்சுவது சாம்பல் நிறத் தூளாகும். இவ்வாயு பூச்சியை எவ்வாறு கொல்கின்றதோ, அவ்வாறே மனிதரையும் கொல்லவல்லது. இதற்கு மாற்று மருந்து கிடையாது.

“வெள்ளைப்பூண்டு மணம் வீசினால் வாயு உண்டு, மணமில்லையாயின் பயமில்லை” என்று பலர் கூறக் கேட்டிருக்கிறேன். இது பெரும் பிழை. அம்மணம் பெரும்பாலும் வாயுவுடன் கலந்துள்ள வேறு பொருள்களுக்கு உரியது. அப்பொருள்களைத் தானியம் உறிஞ்சிக்கொள்ளுமாயின் மணம் மறையும், நஞ்சு மறையாது. ஆகவே மூக்கை அளவுகருவியாகக் கொள்ளலாகாது.

எவ்வளவு அதிகம்?

காற்றின் பத்துலட்சம் பங்கில் 0.3 பங்கு பொசுபீன் என்பது, நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலைக்குரிய சராசரி எல்லையாகப் பல நாடுகளில் நெடுங்காலம் வழங்கிவந்தது. அதுவும் போதிய காப்பன்று எனக் கருதி, அமெரிக்கத் தொழிற்சுகாதார வல்லுநர் 2019 இல் 0.05 பங்கை விதந்துரைத்தனர். 50 பங்கு என்பது உயிருக்கு உடனடி ஆபத்து விளைக்கும் அளவெனக் கொள்ளப்படுகின்றது.

இவ்வெண்கள் எத்துணைச் சிறியவை என்பதை ஒரு கணக்கினால் விளக்குகின்றேன். 10 மீற்றர் நீளமும் 8 மீற்றர் அகலமும் 5 மீற்றர் உயரமும் உள்ள களஞ்சியமொன்றின் கொள்ளளவு 400 கனமீற்றர். மூட்டைகளுக்கிடையில் ஒரேயொரு குளிசை தவறி வீழ்ந்து கிடக்கின்றது எனக் கொள்வோம். கதவுகள் அடைத்திருப்பின், அதன் வாயு முழுவதும் பரவியபோது காற்றில் ஏறக்குறைய 1.8 பங்கு பொசுபீன் இருக்கும். இது 0.3 என்னும் எல்லையைப்போல் ஆறு மடங்காகும். ஒரு குளிசைக்கே இவ்வாறாயின், எண்ணாமற் கையாளும் குளிசைகளின் விளைவை நீங்களே சிந்தித்துக்கொள்ளலாம்.

அளக்கும் முறை

அளப்பதற்கு எளிய சாதனம் உணர்குழாயாகும். இது பொசுபீனோடு சேர்ந்து நிறம் மாறும் பொருள் அடைத்த சிறு கண்ணாடிக் குழாய். இதன் இரு முனைகளையும் ஒடித்து, குழாயிலுள்ள அம்புக்குறி பம்பியை நோக்குமாறு கைப்பம்பியிற் பொருத்தி, குறித்த தடவை காற்றை இழுக்கவேண்டும். நிறம் மாறிய நீளத்தைக் குழாயின் மேலுள்ள கோடுகளில் வாசித்தறியலாம். ஒருமுறை பயன்பட்ட குழாயையோ, காலங்கடந்த குழாயையோ உபயோகிக்கலாகாது. அளவு கடந்தவுடன் ஒலியெழுப்பும் மின்கருவிகளும் உண்டு. அவற்றைக் குறித்த காலத்துக்கொருமுறை சரிபார்த்தல் வேண்டும்.

எங்கே அளப்பது? தொழிலாளி சுவாசிக்கும் காற்றையே அளக்கவேண்டும். அஃதாவது, மூக்குக்கும் வாய்க்கும் ஏறக்குறைய ஓரடிக்கு உட்பட்ட இடம். வாயிலில் நின்று எடுத்த அளவு, மூட்டை அடுக்கின் நடுவில் நிற்பவனுக்குப் பயன்படாது.

எப்போது அளப்பது? பின்வரும் வேளைகளில் தவறாது அளத்தல் வேண்டும்:

1. குளிசை வைக்கும்போது.
2. படங்கினால் மூடிய பின், அதன் ஓரங்களிலும் கதவிடுக்குகளிலும் வாயு கசிகின்றதா என அறிய.
3. அயலிலுள்ள அலுவலகத்திலும், விசேடமாக இராக்காவலாளி தங்கும் அறையிலும், புகையூட்டல் நடைபெறும் எல்லா நாள்களிலும்.
4. படங்கை நீக்கிக் காற்றோட்டம் அளித்த பின், எவரும் உட்புகுமுன்.
5. மூட்டைகளைப் பெயர்க்கும்போது. அடுக்கின் உள்ளே தங்கிய வாயு அப்பொழுது வெளிப்படக்கூடும்.
6. எஞ்சிய தூளை அகற்றும்போது. அதிலும் வாயு சிறிது எஞ்சியிருக்கலாம்.

கணக்கும் பதிவும்

நாளின் சராசரியைக் கணிப்பது கடினமன்று. ஒருவர் 2 மணி நேரம் 0.9 பங்கு உள்ள இடத்திலும், 3 மணி நேரம் 0.3 பங்கு உள்ள இடத்திலும், எஞ்சிய 3 மணி நேரம் தூய காற்றிலும் வேலைசெய்தார் எனின், 1.8 உம் 0.9 உம் சேர்ந்து 2.7 ஆகும். இதனை 8 ஆல் வகுக்கச் சராசரி ஏறக்குறைய 0.34. இது 0.3 என்னும் எல்லையைக் கடந்துவிட்டது. பிற்பகல் முழுவதும் வெளியில் நின்றமையால் அவர் காப்பாற்றப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

திகதி, நேரம், இடம், அளவு, அளந்தவர் பெயர், அவ்விடத்தில் வேலைசெய்தவர் பெயர் ஆகியவற்றை ஒரு புத்தகத்திற் பதிதல் வேண்டும். அப்புத்தகத்தைத் தொழிலாளரும் பார்க்க இடமளித்தல் வேண்டும். தாம் சுவாசித்தது யாதென அறிய அவர்களுக்கு உரிமையுண்டு.

அளவு மிகுந்தால், முதற்கண் அனைவரையும் வெளியேற்றுக. பின்னர் கதவு, சாளரங்களைத் திறந்து காற்றோட்டம் பெருக்கி மீண்டும் அளக்க. முகத்திற் கட்டும் துணி இவ்வாயுவைச் சிறிதுந் தடுக்காது. பொசுபீனுக்கென ஆக்கப்பட்ட வடிகலனுள்ள முகமூடியும் அதிற் குறித்த எல்லைவரையே காக்கும். அளவு தெரியாத இடத்துக்கு அதனை அணிந்து செல்வதும் ஆபத்தே.

தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், வாந்தி, இருமல், நெஞ்சிறுக்கம், மூச்சுத் திணறல் ஆகியவை நஞ்சேறியதன் அறிகுறிகள். இவற்றை வெயிலினால் வந்த களைப்பென எண்ணி வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். நுரையீரலில் நீர் சேர்தல் பல மணி நேரம் கழித்தும் தோன்றலாம். நோயாளியைத் தூய காற்றுள்ள இடத்துக்குக் கொண்டுசென்று, 1990 என்னும் இலக்கத்துக்கு அறிவித்து நோயாளர் வண்டியை அழைத்து, உடனே வைத்தியசாலைக்கு அனுப்புக. குளிசைப் பேணியின் சுட்டுத்துண்டையும் உடன் அனுப்புக. களஞ்சியத்துள் விழுந்தவரை மீட்கக் காப்பின்றி உள்ளே ஓடுபவர் இரண்டாவது நோயாளியாவார் என்பதை மறவாதீர்கள்.

நண்பர்களே, 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இத்தகைய நஞ்சுகளை ஆள்வதற்காகவே ஆக்கப்பட்டது. பயிற்சி பெற்றவரைக் கொண்டு மாத்திரம் புகையூட்டுங்கள். இக்குளிசைகளை ஒருபோதும் குடியிருக்கும் வீட்டில் வைக்காதீர்கள். உணர்குழாய்ப் பெட்டியொன்றுக்குச் செலவாகும் பணத்தைச் சிலர் வீண்செலவென நினைக்கலாம். ஒரு போகம் பொய்த்தால் மறுபோகத்தில் ஈடுசெய்யலாம். மூட்டை சுமந்து குடும்பத்தைக் காப்பவன் மாண்டால் அக்குடும்பத்துக்கு ஈடு யாது? ஆதலால், தராசைக் களஞ்சிய வாயிலில் வைத்திருப்பதுபோலவே காற்றை அளக்கும் கருவியையும் அங்கே வைத்திருங்கள். அளந்து பார்த்த பின்னரே ஆளை உள்ளே அனுப்புங்கள்.