வாவியின் பாட்டும் நம் செவியும்



மட்டக்களப்பை 'மீன்பாடும் தேனாடு' என்கிறோம். ஆனால் அந்தப் பாட்டைக் கேட்டவர் எத்தனை பேர்? கல்லடிப் பாலத்தில் நின்று, ஒன்றும் கேளாமல், "வெறும் கதை" என்று திரும்பிப் போனவர்களே அதிகம். கதையா, மெய்யா என்பதை இன்று ஆராய்வோம்.

1848இல் இங்கு வந்த எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி, இரவில் வாவியில் சென்று அந்த ஒலியைக் கேட்டார். 1859இல் வெளியான தமது இலங்கை நூலில் எழுதியும் வைத்தார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தாற்போன்ற மெல்லொலிகள் என்பது அவர் தரும் உவமை. படகின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி பெருகியதாம். இந்தக் குறிப்பில்தான் விடை இருக்கிறது.

நீரில் எழும் ஒலி நீரின் மேற்பரப்பை அடைந்ததும் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றலே காற்றுக்குத் தப்பி வருகிறது. அந்தச் சிறு பங்கைப் பாலத்து வாகன இரைச்சல் விழுங்கிவிடும். சவளின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையைக் காதோடு வைத்தால், ஒலி மரத்தின் வழியாக ஏறி, கபால எலும்பைத் தொட்டு உட்செவிக்குப் போகிறது. காற்றின் தயவு அதற்கு வேண்டியதில்லை.

இதில் ஒரு வியப்பு உண்டு. நம் உட்செவியிலும் திரவமே நிறைந்திருக்கிறது. காற்றிலிருந்து வரும் ஒலி அந்தத் திரவத்துள் புகுவதற்கும் இதே தடைதான். அதைக் கடக்கவே செவிப்பறையும் மூன்று சிற்றெலும்புகளும் அமைந்தன. பரந்த பறையில் விழும் அழுத்தத்தை அதில் ஏறத்தாழ 20இல் ஒரு பங்கான சிறு வாயிலில் குவித்து உள்ளே தள்ளுகின்றன. நம் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் ஒரு சிறு வாவி இருக்கிறது, நேயர்களே!

நானும் ஒரு நிலவிரவில் தோணியில் போய்க் கேட்டிருக்கிறேன். "கதைக்காம இருங்க தம்பி, சவளக் காதில வையுங்க" என்றார் தோணிக்காரர். நுண்ணிய சுரங்கள் பல, தனித்தனியாகக் கேட்டன. கண்ணுக்கோ கருநீர் தவிர ஒன்றும் தெரியவில்லை.

பாடுவது எது? டெனன்ட்டிடம் மீனவர் சொன்னது ஊரியை. ஊர் சொல்வது மீனை. காற்றுப்பையை அதிரவைத்து ஒலியெழுப்பும் மீன்கள் உலகில் உண்டு என்பது உறுதி. காரைதீவில் 1892இல் பிறந்து, 1947இல் யாழ்நூல் தந்த விபுலானந்த அடிகளோ, அதை நீரர மகளிரின் இசையாகவே பாடினார்.

போர்க்கால இரவுகள் 2009உடன் முடிந்தன. 2013இல் புதிய பாலமும் திறக்கப்பட்டது. தோணிகளிலோ இப்போது இயந்திரங்கள் இரைகின்றன. இலச்சினையில் மீனைப் பார்த்தே வளரும் பிள்ளைகளுக்கு அதன் குரல் தெரியாமற் போகலாம். நிலவுக்கால இரவொன்றில் இயந்திரத்தை நிறுத்தி, அவர்கள் கையில் ஒரு சவளைக் கொடுங்கள். மற்றதை வாவி சொல்லிக்கொள்ளும்.