மலைமழையும் பல்கலைக்கழகப் பணியும்



பாலக்காட்டுக் கணவாயின் காற்றோடும் இடுக்கி மலைகளின் மழையோடும் வாழ்பவர் நாம். அக்காற்றையும் மழையையும் அளந்தறியும் கல்வி இந்நாட்டில் வளர்ந்த வரலாற்றையும், அதில் நமக்குரிய பங்கையும் இன்று சிறிது எண்ணிப் பார்ப்போம்.

1837-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் திருவனந்தபுரத்தில் ஒரு வானோக்கு நிலையத்தை நிறுவினார். ஜான் கால்டிகாட் அதன் முதல் தலைவர். 1852-இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரௌன், நகரத்தில் அளப்பதோடு அமையாமல், 1855-இல் அகத்தியமலையின் உச்சியிலும் கருவிகளை நிறுவி அளக்கச் செய்தார். மலையின் வானிலையை மலைமீதே அளத்தல் வேண்டும் என்பது அன்றே கிடைத்த பாடம். அந்நிலையம் இன்று கேரளப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்துள்ளது.

அந்நிலையத்தோடு நம்மவர் ஒருவரின் பெயரும் இணைந்திருக்கிறது. 1893-இல் பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்த கே. ஆர். இராமநாதன் அவர்கள், பாலக்காடு விக்டோரியா கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். 1914-இல் திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் இயற்பியல் செய்முறை ஆசிரியரானார். வானோக்கு நிலையப் பொறுப்பும் அவரை வந்தடைந்தது. பின்னர்க் கல்கத்தாவில் சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி செய்து, 1925-இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். அடுக்குவளியின் மிகக் குளிர்ந்த காற்று நிலநடுக்கோட்டின் மேலே, ஏறத்தாழ 17 கிலோமீட்டர் உயரத்தில் வளையம்போற் கிடக்கிறது என்று 1929-இல் உலகிற்கு எடுத்துரைத்தார். 1948-இல் அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தின் முதல் இயக்குநரானார். 1976-இல் பத்ம விபூஷண் விருது அவரைச் சேர்ந்தது. கல்பாத்தித் தெருவிலிருந்து புறப்பட்ட கல்வி எட்டிய உயரம் அது!

இன்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வளிமண்டல அறிவியலுக்கெனத் தனித்துறை உண்டு. 2017-இல் அங்கே பெரியதொரு ராடார் இயங்கத் தொடங்கியது. அதன் 619 அலைவாங்கிகள் வானொலி அலைகளை மேலே செலுத்துகின்றன. காற்றின் கொந்தளிப்பிலே பட்டுத் திரும்பும் மெல்லிய எதிரொலியைக் கொண்டு, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் உயரம் வரை காற்றின் திசையையும் விரைவையும் கணிக்கின்றன. பருவக்காற்றின் போக்கை அறிய இது பெருந்துணை.

எனினும், மேலே வீசும் காற்றை அறிந்தால் மட்டும், நம் சரிவில் விழும் மழையை அறிந்தவராவோமா? மூணாறு மழையில் நனையும்போது, சாலைவழி ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மறையூர் மழைமறைவில் காய்கிறது. ஒரு மலைக்கு அப்பாலும் இப்பாலும் கணக்கே வேறு.

2018-ஆம் ஆண்டு சூன் முதல் நாள் தொடங்கி ஆகஸ்டு 19 வரை, இடுக்கி மாவட்டத்திற் பெய்யவேண்டிய மழை 1,851.7 மில்லிமீட்டர், பெய்ததோ 3,555.5. ஈராண்டு கழித்து, 2020 ஆகஸ்டு 6 இரவில், பெட்டிமுடியில் மலை சரிந்தது. தேயிலைத் தோட்ட லயங்களில் உறங்கிய எழுபது உயிர்கள் மாண்டன. அவர்களிற் பெரும்பாலோர் நம் இனத்தார். மின்சாரமும் தொலைபேசியும் அற்றிருந்தமையால், மறுநாட் காலையிலேதான் செய்தி வெளியே எட்டியது. கண்ணீர் விட்டோம், கண்ணீரோடு நின்றுவிடலாகாது.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். தோட்டந்தோறும், குடியிருப்புத்தோறும் ஒரு மழைமானி வேண்டும். நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு அதனை அளந்து, அளவைப் பள்ளிச்சுவரில் எழுதுவோம். ஒரே நாளில் 204.4 மில்லிமீட்டரைக் கடந்தால் அது அதிகனமழை. அந்த அளவை எட்டும்வரை காத்திராமல், மழை வலுக்கும்போதே சரிவை விட்டு அகல்வோம். எச்சரிக்கை நம் தாய்மொழியில் லயத்தின் வாயில்வரை வர ஆவன செய்வோம்.

மற்றொன்று: கொழுந்து கிள்ளும் கைகள் வளர்த்த பிள்ளைகள் வானிலைக் கல்வி பயிலட்டும். கணக்கும் இயற்பியலும் கற்ற நம் மாணவருக்கு அத்துறையின் கதவு திறந்தே உள்ளது. கல்பாத்தி ஓர் இராமநாதனைத் தந்தது. அடுத்தவரை இம்மலைகள் தரட்டும்!

வாழ்க தமிழ்! வளர்க அறிவியல்!