கார்டு யார் கையில், கூலி அவர் கையில்!

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட சங்க வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரை)



இன்று நான் பேச வந்தது கூலி உயர்வைப் பற்றி அல்ல. உழைத்து முடித்து, கணக்கும் எழுதி, "பட்டுவாடா ஆகிவிட்டது" என்று ஆபீசில் பதிந்துவிட்ட கூலி நம் கைக்கு முழுசாக வந்து சேருகிறதா? அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

சென்ற ஆண்டு ஒரு சகோதரி சங்கத்துக்கு வந்தார். ஒரு நூற்பாலையின் விடுதியில் தங்கி, காண்டிராக்டர் மூலம் வேலை செய்பவர். "உன் கணக்கில் மாதம் எவ்வளவு ஏறுகிறது, அம்மா?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்படித் தெரியும், அண்ணா? ஏ.டி.எம். கார்டு மேஸ்திரியிடம் இருக்கிறது. மெசேஜும் அவர் போனுக்குத்தான் போகும். பத்தாம் தேதி ஒன்பதாயிரம் கையில் கொடுப்பார்" என்றார்.

பாங்கிக்கு அழைத்துப் போய் பாஸ் புத்தகத்தில் வரவு செலவைப் பதிந்து வாங்கினோம். மாதம் தவறாமல் 12,400 ரூபாய் ஏறியிருந்தது. ஏறிய மறுநாளே எடுக்கப்பட்டும் இருந்தது!

ஆலை ஆபீசில் கேட்டோம். "நாங்கள் பாங்கியில் போட்டாயிற்று, ரிக்கார்டு இருக்கிறது" என்றார்கள். பாங்கியில் கேட்டோம். "சரியான கார்டு, சரியான ரகசிய எண். எங்கள் மேல் குற்றமில்லை" என்றார்கள். மேஸ்திரியைக் கேட்டோம். "சோற்றுக்கும் ரூமுக்கும் பிடித்தேன்" என்றார். மூன்று பேரிடமும் பதில் இருக்கிறது. 3,400 ரூபாய் மட்டும் இல்லை!

பழைய திருட்டு, புதிய வேஷம்

இந்தத் திருட்டு இன்று தோன்றியதல்ல. இங்கிலாந்தில் ஆலைகள் பெருகிய காலத்தில், முதலாளிகள் காசுக்குப் பதிலாகச் சாமானும் சீட்டும் கொடுத்தார்கள். அந்தச் சீட்டு முதலாளியின் கடையில்தான் செல்லும். அங்கே விலை கூடுதல், எடை குறைவு. தொழிலாளரின் எதிர்ப்பு வளர்ந்தது. 1831-ல் வந்த சட்டம், கூலியை நாட்டில் செல்லும் நாணயமாகவே கொடுக்க வேண்டும் என்றது.

நம் நாட்டில் 1936-ம் ஆண்டின் கூலிப் பட்டுவாடாச் சட்டமும் அதையே சொன்னது: நாணயமாக அல்லது கரன்சி நோட்டாக. 1976-ல் ஒரு திருத்தம் வந்தது. தொழிலாளி எழுத்து மூலம் சம்மதித்தால் செக்காகவோ, பாங்கிக் கணக்கிலோ கொடுக்கலாம் என்றது. அந்தச் சம்மதம் ஒரு பூட்டு. அதன் சாவி தொழிலாளியிடம் இருந்தது.

2016 நவம்பர் 8-ந் தேதி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். டிசம்பர் 28-ல் அவசரச் சட்டம் வந்தது. 2017 பிப்ரவரியில் அது நிரந்தரச் சட்டமாயிற்று. எழுத்து மூலச் சம்மதம் என்ற பூட்டு அதோடு போயிற்று. எந்தெந்தத் தொழிற்சாலைகளில் பாங்கி அல்லது செக் மூலமே கூலி கொடுக்க வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு போடும் அதிகாரமும் வந்தது. இந்த இரண்டும் 2019-ம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பின் 15-வது பிரிவில் "மின்னணு முறை" என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டு ஏறின. அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ல் அமுலுக்கு வந்தது.

மேஜையும் சாட்சியும்

அப்படியானால் பாங்கியில் கூலி வேண்டாம் என்கிறோமா? இல்லை, தோழர்களே! நன்றாகக் கவனியுங்கள். ரொக்கக் கூலியில் 9,000 கொடுத்துவிட்டு 12,400-க்குக் கைநாட்டு வாங்கிய காலத்தை நாம் பார்த்தவர்கள். அந்தச் சகோதரியின் 3,400 ரூபாய் களவு போனதைக் காட்டிக்கொடுத்ததே பாஸ் புத்தகம்தான். பாங்கிக் கணக்கு நமக்குச் சாட்சி. ஆனால் சாட்சியை மேஸ்திரி வீட்டில் பூட்டி வைத்தால் அது யாருக்குச் சாட்சி சொல்லும்?

இன்னொரு சாட்சியும் நமக்கு இருந்தது. 1970-ம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப்படி, காண்டிராக்டர் கூலி பட்டுவாடா செய்யும்போது ஆலையின் பிரதிநிதி ஒருவர் நேரில் நின்று, கொடுத்தது சரி என்று கையெழுத்திட வேண்டும். இன்று அந்த மேஜையும் இல்லை, அந்தக் கையெழுத்தும் இல்லை. காண்டிராக்டர் கணக்கில் போட்டதை ஆலைக்கு மின்னணு முறையில் தெரிவித்தால் போதும் என்கிறது புதிய தொகுப்பு. கணக்கில் விழுந்ததைத் தெரிவிப்பார். கையில் விழுந்ததை யார் தெரிவிப்பது?

பாங்கி விதிகள் சொல்வதென்ன?

ரிசர்வ் பாங்கியின் விதிகளில் நமக்கு உதவுபவை உண்டு. குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கைத் தொடங்க எவருக்கும் உரிமை உண்டு. அதற்கு ஏ.டி.எம். கார்டு இலவசம். மாதம் நான்கு முறையாவது கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம். மெஷினில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால், ஐந்து நாளுக்குள் திருப்பி ஏற்ற வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு என்று 2019 செப்டம்பரில் உத்தரவு வந்தது.

அதற்கு முன், 2017 ஜூலை 6-ந் தேதி சுற்றறிக்கை ஒன்று வந்தது. உங்கள் தவறும் இல்லாமல், பாங்கியின் தவறும் இல்லாமல் வேறு யாரோ உங்கள் கணக்கிலிருந்து பணத்தைச் சுருட்டினால், பாங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுங்கள், நஷ்டம் உங்களைச் சேராது என்றது. நல்ல விதிதான். ஆனால் அதன் மறுபக்கத்தைப் படியுங்கள். ரகசிய எண்ணை நீங்களே சொல்லிக் கொடுத்திருந்தால், பாங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் உங்கள் தலையில்! மேஸ்திரியிடம் கார்டையும் எண்ணையும் கொடுத்த அன்றே அந்தப் பாதுகாப்பையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம்.

கிராமத்தில்

விவசாயத் தொழிலாளர் தோழர்களுக்கு இது இன்னொரு உருவத்தில் வருகிறது. நூறு நாள் வேலைக் கூலியை 2024 ஜனவரி 1 முதல் ஆதார் எண் வழியாகவே அனுப்புவதென்று சர்க்கார் கட்டாயமாக்கியது. இந்த முறையில், ஆதாருடன் கடைசியாக இணைத்த கணக்கு எதுவோ அதில் பணம் விழும். இரண்டு கணக்கு வைத்திருப்பவர் ஒன்றைப் பார்த்துவிட்டு "வரவில்லை" என்று திரும்புகிறார். பணமோ மற்றதில் கிடக்கிறது. களை பறித்துத் தேய்ந்த விரலை மெஷின் ஏற்பதில்லை. "சர்வர் இல்லை, நாளைக்கு வா" என்கிறார் ஏஜெண்ட். இரண்டு முறை ரேகை வைத்து ஒரு முறைக்கான பணம் வாங்கியவர்களும் உண்டு. ரசீது இல்லாமல் ரேகை வைக்காதீர்கள்!

வேறொரு நாட்டின் பாடம்

அமெரிக்காவில் பாங்கிக் கணக்கு இல்லாத தொழிலாளருக்கென்றே சம்பளக் கார்டு என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பணம் எடுத்தால் கட்டணம், பாக்கி பார்த்தால் கட்டணம், கார்டு தொலைந்தால் கட்டணம்! 2007 ஜூலை முதல் இந்தக் கார்டுகளும் அந்நாட்டு மின்னணுப் பணமாற்று விதிகளுக்குள் வந்தன. குறிப்பிட்ட பாங்கியில்தான் கணக்கு வைக்க வேண்டும் என்று முதலாளி வேலைக்கு நிபந்தனை போடக்கூடாது என்பது அந்த விதி. ஆனாலும் பென்சில்வேனியாவில் ஓர் உணவுக்கடை முதலாளி கார்டு மட்டுமே கொடுத்தார். தொழிலாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். கட்டணம் பிடிக்கும் கார்டைக் கட்டாயமாகத் திணிப்பது கூலி கொடுத்ததாகாது என்று 2016-ல் மேல் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அங்கே வந்த சட்டம் கார்டை அனுமதித்தது. ஆனால் தொழிலாளியின் சம்மதத்தோடு மட்டும். நாம் இழந்த அதே பூட்டு!

நாம் செய்ய வேண்டியது

முதலாவதாக, இன்றே கார்டைத் திரும்ப வாங்குங்கள். தர மறுத்தால் பாங்கிக்குப் போய் அதை நிறுத்திப் புதுக் கார்டு கேளுங்கள். கணக்கில் உங்கள் போன் நம்பரைப் பதிவு செய்யுங்கள். தனியாகப் போகத் தயக்கமா? சங்கத் தோழரை அழைத்துப் போங்கள்.

இரண்டாவதாக, ஒவ்வொரு மாதமும் சம்பளச் சீட்டு கேளுங்கள். அது சட்டப்படி உங்கள் உரிமை. மாதக் கூலி அடுத்த மாதம் 7-ந் தேதிக்குள் வர வேண்டும். பிடித்தம் எதுவானாலும் அந்தச் சீட்டில் இருக்க வேண்டும். எல்லாம் சேர்த்துக் கூலியில் பாதியைத் தாண்டக்கூடாது. மேஸ்திரியின் சட்டைப்பை பிடித்தக் கணக்கு அல்ல!

மூன்றாவதாக, குறைந்த கூலிக்கு மனுப் போடுங்கள். மூன்று வருஷம் வரை காலம் உண்டு. நீங்களும் போடலாம், நீங்கள் உறுப்பினராக உள்ள பதிவு பெற்ற சங்கமும் போடலாம். கூலி கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்கிறது 59-வது பிரிவு. காண்டிராக்டர் கூலியைத் தராமல் விட்டால் ஆலை நிர்வாகம் தர வேண்டும் என்ற பொறுப்பையும் மறக்காதீர்கள்.

சங்கத்தின் கோரிக்கைகள் மூன்று: தொழிலாளியின் எழுத்து மூலச் சம்மதத்தைச் சட்டத்தில் மீண்டும் சேர்க்க வேண்டும். எந்த பாங்கி என்பதைத் தொழிலாளியே தீர்மானிக்க வேண்டும். தொழிலாளியின் கார்டை வேறு எவர் வைத்திருந்தாலும் அதைக் கூலித் திருட்டு என்றே தண்டிக்க வேண்டும்.

அந்தச் சகோதரிக்குப் புதுக் கார்டு வந்துவிட்டது. அடுத்த மாதம் 12,400-ஐத் தன் கையாலேயே எடுத்தார். பழைய பாக்கிக்கு மனு நடக்கிறது, இன்னும் வரவில்லை. ஆனால் ஒரு சேதி சொல்ல வேண்டும். அவர் விடுதிக்குத் திரும்பிய அன்று இரவு, அவர் அறையில் இருந்த மற்ற ஆறு பெண்களும் மேஸ்திரியின் வாசலில் போய் நின்றார்கள்.

"எங்கள் கார்டைக் கொடு!" என்றார்கள்.

கொடுத்தார்.

ஒருவராய்க் கேட்டிருந்தால் வேலை போயிருக்கும். ஏழு பேராய் நின்றபோது கார்டு வந்தது. அதுதான் சங்கம், தோழர்களே! இந்த வகுப்பு முடிந்து ஊருக்குப் போனதும், ஒவ்வொருவரும் உங்கள் வரிசையில் உள்ளவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "உன் கார்டு எங்கே?"