ஜார்ஜ்டவுன்: பெயர்களில் தங்கிய தமிழ்



தென்னமெரிக்காவின் வடகரையில், டெமராரா ஆறு அட்லாண்டிக் பெருங்கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் அமைந்த நகரம் ஜார்ஜ்டவுன். கயானா நாட்டின் தலைநகரம் அது. நிலப்படத்தைப் பார்த்தால் தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. ஆயினும் பேச்சாலும் உணவாலும் கிரிக்கெட்டாலும் மேற்கிந்தியத் தீவுகளுக்கே உறவு. கரிபிய நாடுகளின் கூட்டமைப்பு தனது தலைமைச் செயலகத்தை வைத்திருப்பதும் இங்கேதான். நம் நாட்டிலிருந்து நேரே செல்லும் விமானம் கிடையாது. நியூயார்க் போன்ற ஏதேனும் ஒரு பெருநகரில் மாறிச் சென்று, செட்டி ஜெகன் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சாலை வழியே நகரை அடைய வேண்டும்.

கடல் மட்டத்துக்கு 2,500 அடி உயரத்தில் மைசூர் ராமாபுரத்தில் குடியிருக்கும் எனக்கு, அந்நகரம் முதலில் ஓர் அச்சத்தையே தந்தது. கடலில் நீர் ஏறும் வேளையில் நகரத்தின் தரை கடலைவிடத் தாழ்ந்திருக்கிறது. இடையே நிற்பது ஒரு சுவர் மட்டுமே. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் இவ்வூரை ஸ்டாப்ரூக் என்று அழைத்தனர்; 1812இல் ஆங்கிலேயர் தம் மன்னர் பெயரை இட்டனர். பெயர் மாறினாலும் ஒல்லாந்தர் வெட்டிய கால்வாய்கள் மாறவில்லை. கடல் வற்றும் நேரம் பார்த்து மதகுகளைத் திறந்து ஊர் நீரை வெளியேற்றுவர். கடல் பொங்குமுன் மூடிவிடுவர். அம்மதகை இன்றும் ஒல்லாந்தச் சொல்லாலேயே 'கோக்கர்' என்கின்றனர். பேசியவர் போய்விட்ட பின்னும் ஒரு சொல் நிலைத்துவிடுவதற்கு, ஊருக்குள் நுழையும்போதே கிடைத்த சான்று இது.

காண வேண்டிய கட்டிடங்கள் பல. 1881இல் எழுந்த ஸ்டாப்ரூக் சந்தை, தலையில் மணிக்கூண்டு தாங்கிய இரும்பு மாளிகை. புனித ஜார்ஜ் தேவாலயம் 143 அடி உயரம், அத்தனையும் மரம். பயணிகள் இவ்விரண்டையும் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு, நாட்டின் உட்பகுதியிலுள்ள கையட்டூர் நீர்வீழ்ச்சிக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். நான் நகரிலேயே தங்கினேன். எனக்கு வேண்டியிருந்தது வேறு.

1834இல் ஆங்கிலப் பேரரசில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர் பழைய கூலிக்குக் கரும்பு வெட்ட இசையவில்லை. தோட்ட முதலாளிகள் இந்தியாவை நோக்கினர். 1838 மே 5ஆம் நாள் 'விட்பி', 'ஹெஸ்பரஸ்' என்னும் இரு கப்பல்கள், கல்கத்தாவில் ஏறிய ஏறத்தாழ 400 பேரை இங்கு இறக்கின. நகரத் தோட்டம் ஒன்றில் விட்பி கப்பலின் உருவத்தை நினைவுச் சின்னமாக வைத்திருக்கின்றனர். 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர் தொகை 2 லட்சத்து 39 ஆயிரம் அளவாகும். மிகப் பெரும்பாலோர் பீகாரிகளும் உத்தரப் பிரதேசத்தவரும். 1845 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. ஆனால் அவற்றில் சென்றவர் சிறு பகுதியினரே. தமிழரும் தெலுங்கருமாகிய அவர்கள் அனைவருக்கும் அங்கு ஒரே பெயர்: 'மதராசி'.

அந்த நாட்டில் தமிழ் வாழ்கிறது என்று மகிழ்ச்சி பொங்க எழுதுவோர் உண்டு. அதை நான் ஒப்பமாட்டேன். நான் சந்தித்த மதராசி வழியினருள் தமிழில் ஒரு வாக்கியம் பேசக்கூடியவர் ஒருவரும் இல்லை. காரணம் எளிது. தோட்டத்துக் குடியிருப்பில் அண்டை வீட்டார் போஜ்புரி பேசினர். மேற்பார்வையாளர் ஆங்கிலம் பேசினார். பள்ளிக்கூடம் ஆங்கிலத்தில் நடந்தது. சிறுபான்மைக்குள் சிறுபான்மையான தமிழ், சில தலைமுறைகளில் வாயிலிருந்து நழுவிற்று. ராமாபுரத்தில் எங்கள் தெருத் தமிழ்ப் பிள்ளைகள் கன்னடத்தில் சண்டையிட்டுத் தமிழில் அழுகின்றனர். அழுவதற்காவது தமிழ் இருக்கிறதே என்று ஜார்ஜ்டவுனில் எண்ணிக்கொண்டேன்.

எனினும் பெயர்கள் போகவில்லை. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவனுக்கு அந்நகரத்தின் கடைப் பலகைகளே ஒரு பாடநூல். 'மூன்சாமி' என்பவர் நம் முனுசாமி. 'சின்னப்பென்' சின்னப்பன். 'ஆர்மோகன்' என்பதை ஆறுமுகம் என்று கண்டுகொள்ளச் சற்று நேரம் பிடித்தது. குடியேற்ற எழுத்தர் தம் காதில் விழுந்தவாறு ஆங்கிலத்தில் எழுதினார். கூலியின் ஒற்றைப் பெயர் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராயிற்று. நம்மூரில் தந்தை பெயர் ஒரு முதலெழுத்தாகச் சுருங்கிப் பேரனிடம் மறைந்துவிடும். அங்கோ, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு முனுசாமி ஆறு தலைமுறைக்கும் தலைவராக நிற்கிறார். மோசஸ் வீராசாமி நாகமுத்து என்பவர் 2015 முதல் 2020 வரை அந்நாட்டின் பிரதமராக இருந்தார்; பெர்பிஸ் பகுதியில் மதராசி மக்கள் வாழ்ந்த விம் என்னும் ஊரைப் பற்றி ஒரு நாவலும் எழுதியிருக்கிறார். மேற்கிந்தியக் கிரிக்கெட் அணிக்கு 2012இல் பந்து வீச வந்தவர் வீராசாமி பெர்மால். வானொலி வர்ணனையில் அப்பெயரைக் கேட்ட நம்மவர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பர். பெருமாளை வேறு யார் பெருமாள் என்று அறிவார்?

பெயரினும் உறுதியாக நின்றவள் மாரியம்மன். டெமராராவின் கிழக்குக் கரையோர ஊர்களிலும் பெர்பிசிலும் அவளுக்குக் கோயில்கள் உள்ளன. 'காளி மாயி' என்று வடநாட்டுப் பெயரும் சேர்த்து வழங்குகிறாள். நகரத்திலிருந்து வாடகைக் காரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்றேன். வேப்பிலை, மஞ்சள் நீர், கரகம், உடுக்கை, தப்பு என யாவும் அப்படியே இருந்தன. காவல் தெய்வம் 'முனிஸ்ப்ரென்'. முனீஸ்வரன் என்று யாரும் சொல்லாமலே விளங்கிற்று. கூட்டத்தில் ஆப்பிரிக்க வழியினரும் நின்றனர். நோய் தீர்க்கும் தாயிடம் குலம் கேட்பாரில்லை. பாட்டுத் தமிழ்தான். பாடியவருக்கோ பொருள் தெரியாது. பாட்டனார் வாயிலிருந்து கேட்டதை ஓசை பிசகாமல் காக்க முயல்கின்றனர்.

பூசை முடிந்தபின் அல்லி இலையில் சோறு பரிமாறினர். வயது முதிர்ந்த பூசாரி என் அருகே அமர்ந்து, தெய்வம் ஏறி ஆடுபவரைத் தாங்கள் 'மார்லோ' என்று அழைப்பதாகவும், அது எம்மொழிச் சொல் என்று எவருக்கும் தெரியவில்லை என்றும் ஆங்கிலத்தில் கூறினார். மருள் என்னும் தமிழ்ச் சொல்லாகத் தோன்றுகிறது என்றேன். எங்கள் ஊர்ப்பக்கம் 'மருள் வந்து ஆடுகிறாள்' என்பார்கள் என்று சொல்லிக் காட்டினேன். அவர் இரண்டு மூன்று முறை அதைச் சொல்லிப் பார்த்தார். ளகரம் வரவில்லை. பின் தம் பேத்தியை அழைத்து, என்னை மறுபடியும் சொல்லச் சொன்னார். அந்தச் சிறுமிக்கு இரண்டாம் முறையிலேயே வந்துவிட்டது.