தகரக் கூரையில் தூறல்

கை மரத்துப்போகிறது என்று போனால், டாக்டர் ‘நரம்பு டெஸ்ட்’ எழுதிக் கொடுப்பார். மணிக்கட்டில் சுளீரென்று சின்னதாக ஷாக் வைப்பார்கள். சில சமயம் தசைக்குள் மெல்லிய ஊசி ஒன்றையும் இறக்குவார்கள். ஸ்கேன் மாதிரி மிஷின் பாட்டுக்கு எடுத்துத் தருகிற சோதனை என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் அமெரிக்காவில், மருத்துவப் பட்டம் வாங்கி நான்கு வருடம் நரம்பியல் பயிற்சியும் முடித்த டாக்டர், இதற்காகவே இன்னும் ஒரு வருடம் ‘ஃபெல்லோஷிப்’ சேர்கிறார். மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யும் அந்தப் படிப்பில் உண்டு. 1992-லிருந்து தனித் தேர்வும் நடக்கிறது.

அப்படி என்னதான் படிக்கிறார்கள்? முக்கியமாக, காதால் கேட்கப் படிக்கிறார்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நிஜம்தான். ஊசியில் வரும் மின்சாரம் திரையில் கோடாக ஓடும். கூடவே ஸ்பீக்கரிலும் ஒலிக்கும். 1929-ல் ஏட்ரியன், பிராங்க் என்ற இரு விஞ்ஞானிகள் தொடங்கிவைத்த வழக்கம் இது. ஓய்வில் இருக்கும் நல்ல தசை சத்தமே போடாது. நரம்பை இழந்த தசையோ, தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி ‘டக் டக்’ என்று பேசிக்கொண்டே இருக்கும். மயோட்டோனியா என்ற தசை நோயில், நின்ற இடத்திலேயே மோட்டார் சைக்கிளை முறுக்கி முறுக்கி விடுவதுபோல் ஓர் உறுமல். பழகிய காது திரையைப் பார்க்கும் முன்பே சொல்லிவிடும். புதிதாகச் சேர்ந்தவருக்கு எல்லாமே இரைச்சல்!

ஏமாறாமல் இருக்கவும் பழக வேண்டும். கை சில்லென்று இருந்தால், ஒவ்வொரு டிகிரிக்கும் நரம்பின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் குறைகிறது. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் விநாடிக்கு 50 மீட்டராவது ஓடவேண்டிய செய்தி, ஏ.சி. அறையில் காத்திருந்த கையில் 44 என்று காட்டலாம். அவசரக்காரர் அதை நோய் என்று எழுதிவிடுவார். தேர்ந்தவர் முதலில் கையைத் தொட்டுப் பார்ப்பார். குளிர்ந்திருந்தால் சூடேற்றிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். விபத்தில் நரம்பு அறுந்த மறுநாளே ஊசி போட்டாலும் அந்தத் தூறல் கேட்காது. இரண்டு மூன்று வாரம் ஆகவேண்டும். என்னைக் கேட்டால், எப்போது சோதிக்கக் கூடாது என்று தெரிந்துகொள்வதற்கே அந்த வருடத்தில் பாதி போய்விடும்.

உங்களுக்கு இந்தச் சோதனை இருந்தால், அன்றைக்குக் கை காலில் எண்ணெயோ க்ரீமோ தடவாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, பேஸ்மேக்கர் வைத்திருக்கிறீர்களா, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கை குளிர்ந்திருந்தால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.